பொதுக் குழாயும் சொந்தச் சாவியும்

ஒண்டுக் குடித்தனத்தில் வளர்ந்த சகோதரிகளுக்கு ஒரு விஷயம் நன்றாக ஞாபகம் இருக்கும். ஒரே வீட்டில் ஏழு குடித்தனம் இருக்கலாம். ஏழு அடுப்பு எரியலாம். ஆனால் முற்றத்தில் இருக்கும் குழாய் ஒன்றே ஒன்றுதான். அந்தக் குழாய்க்கு எங்கேயும் எழுதி வைக்காத சட்டதிட்டங்கள் உண்டு. முறை வந்தால்தான் குடத்தை வைக்கலாம். அடுத்தவள் குடத்தை நகர்த்தக் கூடாது. திருகு மறை கழன்றுவிட்டால், கழற்றியவளே வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். இந்த மூன்றும் ஒழுங்காக நடந்தால் ஏழு குடும்பமும் சௌக்கியமாக இருக்கும். ஒன்று தவறினாலும் போதும், அன்றைக்குத் தெருவே வந்து வேடிக்கை பார்க்கும்!

இந்த வாரம் நான் எழுதப் போவது குழாயைப் பற்றி அல்ல, கம்ப்யூட்டரைப் பற்றி. உடனே பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். தொடர்கதை எங்கும் ஓடிப் போகாது. உங்கள் வீட்டிலும் கல்லூரிக்குப் போகும் ஒரு பிள்ளையோ பெண்ணோ இருந்தால், இது உங்களுக்கும் வேண்டிய விஷயம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை எதிர் வீட்டு அக்கா நாலு தாள்களைக் கையில் பிடித்துக் கொண்டு வந்தாள். அவளுடைய பெண் இந்த வருஷந்தான் இஞ்சினீயரிங் சேர்ந்திருக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். சனி, ஞாயிறு லீவுக்கு வந்தவள் தாயாரிடம் அந்தத் தாள்களை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடம்மா" என்றாளாம்.

"எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. வீட்டை விற்கிற பத்திரம் மாதிரி நாலு பக்கம்! படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று நீதானே பத்திரிகையில் எழுதினாய்? இப்போது படித்துச் சொல்லு" என்றாள் அக்கா.

நம் எழுத்து நம் தலையிலேயே வந்து விடிவது இப்படித்தான்.

வாங்கிப் பார்த்தேன். கல்லூரியின் கம்ப்யூட்டர்களையும், இணைய வசதியையும், மின்னஞ்சலையும் உபயோகிப்பதற்கான விதிகள் அவை. உன் ரகசியச் சொல்லை, அதாவது பாஸ்வேர்டை, யாருக்கும் கொடுக்காதே. உனக்கு உரியதற்கு மேல் எடுத்துக் கொள்ளாதே. பிறருடைய கோப்பு திறந்தே கிடந்தாலும் பார்க்காதே. கண்ட கடிதங்களையும் ஊர் முழுவதும் அனுப்பாதே. கோளாறு கண்டால் உடனே தெரிவி. நாலு பக்கத்தின் சாரம் இவ்வளவுதான்.

"அதெல்லாம் சும்மா, சித்தி! யாரும் படிக்க மாட்டார்கள். கையெழுத்து இருந்தால் போதும்" என்றாள் பெண். அவள் முகம் என்னவோ போல் இருந்தது. அதை நான் அப்போது பெரிதாக எண்ணவில்லை.

"யாரும் படிக்காததற்கு எதற்கு நாலு பக்கம் அச்சடித்தார்கள்?" என்று கேட்டாள் அக்கா. நியாயமான கேள்விதானே? அவளுக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

* * *

முதலில் அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே எம்.ஐ.டி. என்று ஒரு பிரசித்தமான சர்வகலாசாலை இருக்கிறது. நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, இது மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் உள்ளது. 1961-க்கு முன்னால் அங்கே கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது மாவு மில்லுக்குப் போவது போலத்தான் இருந்தது. துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டி ஜன்னலில் கொடுத்துவிட்டு வர வேண்டும். நம் டின்னுக்கு எப்போது முறை வருகிறதோ அப்போதுதான் அரைப்பார்கள். பல மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், 'ஒரு கமா விட்டுப் போயிற்று. கணக்கு நடக்கவில்லை' என்று ஒரு காகிதம் இருக்கும்! மறுபடியும் அட்டை, மறுபடியும் ஜன்னல்.

ஃபெர்னாண்டோ கோர்படோ என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்து, 1961 நவம்பரில் நடத்திக் காட்டினார்கள். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கெட்டிக்காரராக இருந்தால் ஒரே ஆள் வரிசை முழுவதையும் சுற்றி வருவார். ஒவ்வொரு இலைக்காரரும், 'நம்மைத்தான் விசேஷமாகக் கவனிக்கிறார்' என்று எண்ணிக் கொள்வார். அதே போல அந்த யந்திரம் ஒவ்வொருவர் வேலையையும் ஒரு கணம் கவனித்துவிட்டு அடுத்தவரிடம் போகும். சுற்றி வருகிற வேகத்தில், எல்லோருக்கும் கம்ப்யூட்டர் தங்களுக்கே சொந்தம் என்று தோன்றும்.

பந்தி என்று வந்துவிட்டால் இரண்டு தொல்லைகளும் கூடவே வரும். ஒருவரே பரிமாறுகிறவரைப் பிடித்து வைத்துக் கொண்டால் மற்ற இலைகள் காலியாகும். பக்கத்து இலையில் கை வைக்கும் ஆசையும் சிலருக்கு வரும். ஆகவே, ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு இவ்வளவு நேரம் என்று அளந்து கொடுத்தார்கள். ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்காமல் இருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியச் சொல் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர்களில் பாஸ்வேர்டு வழக்கத்துக்கு வந்த கதை இதுதான்.

வந்த மறு வருஷமே அது திருட்டும் போயிற்று! ஆலன் ஷெர் என்று ஓர் ஆராய்ச்சி மாணவர். அளந்து கொடுத்த நேரம் அவருடைய ஆராய்ச்சிக்குப் போதவில்லை. 1962-இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ரகசியச் சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடும்படி யந்திரத்துக்கே ஓர் அட்டையில் உத்தரவு எழுதிப் போட்டார். சனிக்கிழமை காலையில் போய் அச்சான காகிதத்தை எடுத்துக் கொண்டார். அப்புறம் பிறர் பெயரில் புகுந்து, வேண்டிய நேரத்தை எடுத்துக் கொண்டார். கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் தாமே இதை வெளியிட்டார்.

"கெட்டிக்காரப் பிள்ளை!" என்றாள் அக்கா.

"கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் குடம் நிரம்பிய நேரத்தில் யாருடைய குடம் காலியாக நின்றது?" என்று கேட்டேன். அக்காவும் ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்ந்தவள். சட்டென்று புரிந்து கொண்டாள்.

அதே ஏற்பாட்டில் சில வருஷங்கள் கழித்து இன்னொரு விபத்து நடந்தது. உள்ளே நுழைகிறவர்களுக்குத் தினமும் ஓர் அறிவிப்பு தெரியும். ஒரு நாள் இரண்டு நிர்வாகிகள் ஒரே சமயத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்த, யந்திரம் ஒன்றை மற்றொன்றாக மாற்றி வைத்துவிட்டது. அன்றைக்கு உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக ஊரார் ரகசியச் சொற்கள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன! அதைப் பார்த்த ஒருவர், பிரதி எடுத்து வைத்துக் கொள்ளவில்லை. மற்றவர்களும் பார்க்காமல் இருக்க யந்திரத்தையே நிறுத்திவிட்டார். திறந்து கிடக்கும் அடுத்த வீட்டுக் கதவைக் கண்டால் நல்ல பெண்பிள்ளை என்ன செய்வாள்? சாத்திவிட்டுக் குரல் கொடுப்பாள். அதையேதான் அவரும் செய்தார். இப்போது அந்த மூன்றாவது விதியைப் படித்துப் பாருங்கள்.

* * *

அடுத்தது, 'கண்ட கடிதங்களையும் ஊர் முழுவதும் அனுப்பாதே' என்ற விதி. இதைப் படித்ததும் அக்கா தன் செல்போனை மெதுவாக முந்தானையில் மறைத்துக் கொண்டாள். காலையில் ரோஜாப் பூவும், சாயங்காலம் சாமி படமுமாக எனக்கு வருகிற வாழ்த்துக்களில் பாதி அவள் அனுப்புகிறவைதான்.

1987 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியில் கிளவ்ஸ்தால் என்ற ஊர்ச் சர்வகலாசாலை மாணவர் ஒருவர், சிநேகிதர்களுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்ப ஆசைப்பட்டார். இதில் தவறென்ன? அவர் எழுதிய சிறிய புரோகிராமை ஓட்டினால், கம்ப்யூட்டர் திரையில் எழுத்துக்களாலேயே ஓர் அழகான கிறிஸ்துமஸ் மரம் முளைக்கும். நாம் மரத்தை ரசித்துக் கொண்டிருக்கும்போது, நம் விலாசப் புத்தகத்தில் உள்ள அத்தனை பேருக்கும் அந்த வாழ்த்தைத் தானாகவே அனுப்பிவிடும். அவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் விலாசப் புத்தகத்தில் உள்ளவர்களுக்கு... கணக்கைப் போட்டுப் பாருங்கள்! ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சர்வகலாசாலைகளை இணைத்த கம்பி வழிகள் அடைத்துக் கொண்டன. ஐ.பி.எம். கம்பெனியின் உள் வழிகளும் ஸ்தம்பித்தன. வாழ்த்தில் விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே சந்தில் தேரை இழுத்தால் தேரும் நகராது, ஜனங்களும் நகர முடியாது.

* * *

"கம்ப்யூட்டரில் நமக்கு என்ன சொத்தா இருக்கிறது, யாரோ நுழைந்தால் என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பால் கணக்குக் கதை.

அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் நிர்வாகத்தில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டரை உபயோகிக்கிற ஒவ்வொருவர் பெயரிலும் நேரத்துக்குத் தக்கபடி பற்று எழுதுவார்கள். 1986-இல் அந்தக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. ஒரு டாலர் கூட இல்லை! கிளிஃபோர்டு ஸ்டோல் என்ற வான நூல் நிபுணரிடம், 'இதைக் கொஞ்சம் பாருங்கள்' என்று கொடுத்தார்கள். 'முக்கால் டாலர்தானே' என்று அவர் தள்ளிவிடவில்லை. மாதக் கணக்கில் துருவிக் கொண்டே போனார். கடைசியில் அது எங்கே போய் முடிந்தது தெரியுமா? மேற்கு ஜெர்மனியில், ஹானோவர் நகரத்தில்! அங்கிருந்த ஒருவன் இந்தக் கம்ப்யூட்டரைத் திண்ணையாக வைத்துக் கொண்டு அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களைக் குடைந்து கொண்டிருந்தான். அவனும் கூட்டாளிகளும் கிடைத்ததை சோவியத் உளவு ஸ்தாபனத்துக்கு விற்றார்கள். அவன் நுழைந்தது ஊரில் இல்லாத ஓர் ஆசாமியின் பெயரில். அவர் வெகு நாளாக அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. காலி செய்து போன வீட்டின் சாவியை ஆணியில் தொங்க விட்டது போலத்தான்.

பால்காரன் கணக்கில் கால் லிட்டர் உதைத்தாலும் விடாமல் கேட்கிற நாம் ஒவ்வொருவரும் அந்த ஸ்டோலுக்குச் சகோதரிகள்தான். அதை நினைத்து நாம் பெருமைப்படலாம்.

* * *

கடைசியாக ஒரு தகப்பனாரும் பிள்ளையும்.

ராபர்ட் மோரிஸ் என்பவர் இன்னொருவரோடு சேர்ந்து 1979-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஜனங்கள் எப்படிப்பட்ட ரகசியச் சொல்லை வைத்துக் கொள்கிறார்கள் என்று பார்க்க, 3,289 சொற்களைத் திரட்டிச் சோதித்தார்கள். அவற்றில் 2,831 சொற்கள், அதாவது நூற்றுக்கு 86, சுலபமாக அகப்பட்டுவிட்டன! சில மூன்றே எழுத்து, சில அகராதியில் உள்ள வார்த்தை, சில பெயர்கள். நம் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? குழந்தையின் பெயரும் பிறந்த வருஷமும், இல்லாவிட்டால் 'முருகன்123'. முருகன் காப்பாற்றுவான்தான், ஆனால் இந்த வேலையை அவன் தலையில் போடுவது நியாயமா?

அந்தத் தகப்பனார் பிற்பாடு அமெரிக்க அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிலையத்தில் தலைமை விஞ்ஞானியானார். அதே பெயருடைய அவர் பிள்ளை கார்னெல் சர்வகலாசாலையில் மேல் படிப்புக்குச் சேர்ந்தார். 1988 நவம்பர் 2-ஆம் தேதி, பிள்ளை ஒரு பரிட்சை செய்து பார்த்தார். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானே ஊர்ந்து போகிற புழு மாதிரி ஒரு புரோகிராம். அது நுழைந்த வழிகளில் ஒன்று என்ன தெரியுமா? தகப்பனார் எச்சரித்த அதே சுலபமான ரகசியச் சொற்கள்தான்! பெயரைப் போட்டுப் பார்க்கும். பெயரைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்கும். 432 வார்த்தைகள் அடங்கிய ஜாபிதாவும் அதன் கையில் இருந்தது.

எதையும் அழிக்கும்படி அவர் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் கணக்கு ஓரிடத்தில் தப்பிவிட்டது. ஒரு புழு ஏற்கெனவே குடியிருக்கும் யந்திரத்திலும், ஏழு தடவைக்கு ஒரு தடவை இன்னொன்று குடியேறும்படி எழுதியிருந்தார். அது மிக அதிகம். ஒவ்வொரு யந்திரத்திலும் புழுக்கள் பெருகின. வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. அப்போது இணையத்தில் இருந்த சுமார் 60,000 யந்திரங்களில் 6,000 அகப்பட்டதாக அக்காலத்தில் மதிப்பிட்டார்கள். பல சர்வகலாசாலைகளில் தூக்கமில்லாமல் வேலை செய்தார்கள். பலர் இணைப்பையே துண்டித்துவிட்டார்கள்.

விபரீதம் தெரிந்ததும் அவர் பதறிப் போய்ச் சிநேகிதர் ஒருவரிடம் சொல்ல, அந்தச் சிநேகிதர் பெயர் போடாமல் ஒரு மன்னிப்புக் கடிதத்தையும், புழுவைத் தடுக்கும் வழியையும் எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம் வேண்டிய நேரத்தில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. புழுவின் அமளியில் வழி அடைத்துப் போயிருந்ததே! 1990-இல் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. மூன்று வருஷம் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிற்காலத்தில் அவர் நல்ல பெயர் எடுத்து ஒரு சர்வகலாசாலையில் ஆசிரியரானார். எந்தச் சர்வகலாசாலையில்? முன்னே சொன்ன அதே எம்.ஐ.டி.யில். புழுவை அவர் அவிழ்த்து விட்டதும் அங்கிருந்த கம்ப்யூட்டரிலிருந்துதான்!

"தப்புச் செய்தவர்கூடப் பிற்பாடு நன்றாக வந்துவிட்டாரே" என்று அக்கா பெருமூச்சு விட்டாள். "ஆனால் சொல்ல வேண்டியதை நேரம் கழித்துச் சொன்னால் போய்ச் சேருவதில்லை, பார்த்தாயா?"

அவ்வளவுதான். அதுவரை சுவரைப் பார்த்துக் கொண்டிருந்த பெண் விசித்து விசித்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

* * *

விஷயம் இதுதான். கல்லூரி திறந்த முதல் மாதம், ஹாஸ்டல் தோழி ஒருத்தி, "என் கணக்கு முடங்கிப் போயிற்று. உன் பாஸ்வேர்டைக் கொடு. ஒரே ஒரு நாள்" என்று கேட்டாளாம். இவள் கொடுத்துவிட்டாள். அப்புறம் மாற்றவும் இல்லை. பதினைந்து நாள் கழித்து, வகுப்பில் உள்ள ஓர் ஏழைப் பெண்ணைப் பற்றி, அவள் உடையையும் பேச்சையும் கேலி செய்து, மட்டமான கடிதம் ஒன்று வகுப்பு முழுவதற்கும் போயிற்று. போனது இவளுடைய பெயரில். அந்தப் பெண் சாப்பிடாமல் கிடந்து, ஊருக்கே போய்விட்டாள். கல்லூரியில் இவளுடைய கணக்கை நிறுத்திவிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அந்த நாலு தாளும் முதல் தடவை வந்த தாள்கள் அல்ல. மறுபடியும் பெற்றோர் கையெழுத்தோடு வர வேண்டும் என்று திருப்பி அனுப்பியவை.

"நான் எழுதவில்லை, சித்தி! சத்தியமாக எழுதவில்லை. ஆனால் தோழியைக் காட்டிக் கொடுப்பதா என்றுதான்..." என்றாள்.

அக்கா கை ஓங்குவாள் என்று பயந்தேன். அவள் ஓங்கவில்லை. வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சரி, நீ எழுதவில்லை. சாவியைக் கொடுத்தது யார்?" என்று மட்டும் கேட்டாள்.

இதைவிடச் சுருக்கமாக அந்த நாலு பக்கத்தையும் யாரும் சொல்லிவிட முடியாது. கம்ப்யூட்டருக்கு முகம் தெரியாது, குரல் தெரியாது. எந்தப் பெயர், எந்த ரகசியச் சொல் என்று மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே ரகசியச் சொல்லைக் கொடுப்பது, வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமானம். நம் தேசத்துச் சட்டமும் இதை விளையாட்டாக எடுத்துக் கொள்ளவில்லை. 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008-இல் செய்த திருத்தத்தின் மூலம் 66-சி என்ற பிரிவு சேர்ந்தது. பிறருடைய ரகசியச் சொல்லை வஞ்சகமாக உபயோகித்தால் மூன்று வருஷம் வரை சிறைவாசமும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

அன்று ராத்திரியே பெண் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதினாள். தன் தவற்றை முதலில் எழுதினாள். தோழியின் பெயரைப் பிறகு எழுதினாள். அந்த ஏழைப் பெண்ணுக்குத் தனியாகப் போன் செய்தாள். மறுமுனையில் அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுவிட்டு வைத்துவிட்டாளாம். மன்னிப்பாளா, கல்லூரியில் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் இனிமேல்தான் தெரிய வேண்டும். பெயரைப் போடாமல் எழுதுங்கள், நாலு பேருக்கு உபயோகமாக இருக்கட்டும் என்று தாயும் பெண்ணும் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குக் கிளம்பும்போது ஊறுகாய் பாட்டிலோடு இவற்றையும் கட்டிக் கொடுத்து அனுப்புங்கள். ரகசியச் சொல்லைப் பல் துலக்கும் பிரஷ் மாதிரி வைத்துக் கொள்ளச் சொல்லுங்கள். எவ்வளவு நெருங்கிய சிநேகிதிக்கும் அதைக் கொடுப்பதில்லை. அது நீளமாக இருக்கட்டும்; வீட்டார் பெயராக இருக்க வேண்டாம். பொதுக் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கும்போது, மறக்காமல் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு வரட்டும். ஹாஸ்டலில் இருநூறு பேருக்கு ஒரே இணைப்பு என்றால், சினிமாவை இறக்குவதற்கு முன்னால், நாளைக்குப் பரீட்சை உள்ள பெண்ணை நினைத்துக் கொள்ளட்டும். படிப்பு முடிந்து கிளம்பும்போது கணக்கை மூடச் சொல்லிவிட்டுக் கிளம்பட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. தவறு நடந்துவிட்டால் அன்றைக்கே வீட்டில் சொல்லலாம் என்ற தைரியம் அவர்களுக்கு இருக்க வேண்டும். அதைக் கல்லூரி கொடுக்க முடியாது; நாம்தான் கொடுக்க வேண்டும். எதிர் வீட்டுப் பெண் பதினைந்து நாள் வாயைத் திறக்காமல் இருந்தது தோழிக்குப் பயந்தல்ல, அம்மாவுக்குப் பயந்து.

திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அக்கா அந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்டாள். அதற்கு முன், நாலு பக்கத்தையும் பெண்ணை உரக்கப் படித்துத் தமிழில் அர்த்தம் சொல்லச் சொன்னாளாம். பஸ் தவறிவிட்டது. அடுத்த பஸ்ஸில் போனாள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.